வெர்சாய் அரண்மனையில் ஒரு பௌத்திரம்: 1686ஆம் ஆண்டு நோயாளி ஒருவரின் நிகழ்வு ஆய்வு

நோயாளி: ஆண். வயது 47. தொழில்: பிரான்ஸ் நாட்டு மன்னர். பெயரை மறைக்க வேண்டிய அவசியமே இல்லை. பதினான்காம் லூயியின் உடம்பில் அன்றாடம் என்ன நடந்தது என்று அவருடைய அரண்மனை வைத்தியர்களே நாள்குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்கள், அது அச்சிலும் வந்துவிட்டது. பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக் கம்பெனி 1674இல் கால் ஊன்றியது இவர் ஆட்சியில்தான்.

அறுவைப் பிரிவுக்குப் புதிதாக வரும் பயிற்சி மருத்துவர்களுக்குப் பௌத்திரம் பற்றிப் பேச வேண்டி வந்தால் நான் இந்தக் கேஸில்தான் ஆரம்பிப்பேன். இந்த நோயில் செய்யக்கூடாதது, செய்ய வேண்டியது இரண்டுமே இதில் இருக்கின்றன. முதல் பத்து மாதம் செய்யக்கூடாதது. கடைசி இரண்டு மாதம் பாடம்.

அதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம் ஊர்ச் சுவர்களில் ‘மூலம், பௌத்திரம்’ என்று சேர்த்தே எழுதியிருப்பதால் இரண்டும் ஒன்று என்று நினைப்பவர்கள் அதிகம். வெளிநோயாளிப் பிரிவில் “மூலம் சார்” என்று வருபவர்களில் கணிசமானவர்களுக்கு இருப்பது மூலமே அல்ல. மூலம் என்பது ஆசனவாய்க்குள் இருக்கும் இரத்தக்குழாய் மெத்தைகள் வீங்கிச் சரிவது. பௌத்திரம் ஒரு புரை. குடலின் கடைசிப் பகுதியில் உள்ளே ஒரு துளை, வெளியே தோலில் ஒரு துளை, இரண்டையும் இணைக்கும் சுரங்கம். ஊழலைப் பற்றிப் பேசும்போது ‘புரையோடிப் போச்சு’ என்கிறோமே, அந்தச் சொல்லின் உடம்புப் பொருள் இதுதான்: மேலே ஆறினமாதிரி இருக்கும், உள்ளே ஓடிக்கொண்டிருக்கும்.

வந்த குறை

1686 ஜனவரி 15. மன்னர் ஒரு சிறு வீக்கத்தைப் பற்றித் தலைமை வைத்தியர் அந்துவான் தாக்கேனிடம் சொல்கிறார். நாள்குறிப்பில் இருக்கும் பரிசோதனைக் குறிப்பு சுருக்கமானது, ஆனால் நல்ல குறிப்பு. ஆசனவாய்க்கும் விதைப்பைக்கும் நடுவிலுள்ள பகுதியில், நடுக்கோட்டுக்குப் பக்கவாட்டில், ஆசனவாயிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி ஒரு கட்டி, ஆழமாக இருக்கிறது, தொட்டால் பெரிய வலி இல்லை, சிவப்பு இல்லை, துடிப்பும் இல்லை.

இன்று ஒரு பயிற்சி மருத்துவர் இப்படி எழுதினால் முதுகில் தட்டிக் கொடுப்பேன். எந்த இடம், எவ்வளவு தூரம், எவ்வளவு ஆழம் என்று மூன்றும் இருக்கிறது. இல்லாதது ஒன்றுதான்: உள்ளே விரல் விட்டுப் பார்த்தாரா? ஆசனவாய்ப் பக்கம் ஆழமான கட்டி என்றால் தோல் சிவப்பதற்காகக் காத்திருக்கக் கூடாது. சீழ் ஆழத்தில் இருக்கும்போது தோலுக்குச் சேதி வந்து சேரவே நாளாகும். கையுறையும் கொஞ்சம் ஜெல்லியும் போதும். விரல் நுனியில் ஒரு பக்கம் மட்டும் கெட்டியாக, சூடாகத் தட்டுப்பட்டால் பாதி விடை கிடைத்துவிடும்.

அரசவையில் தொடையில் ஏதோ கட்டி என்று சொல்லி வைத்தார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். முந்நூறு வருஷம் கழித்தும் வீட்டில் ‘தொடையில் கொப்புளம்’ என்று சொல்லிவிட்டு வருபவர்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

கட்டி எங்கிருந்து வந்தது

குதிரைச் சவாரி, அளவுக்கு மீறிய எனிமா என்றெல்லாம் அந்தக் காலத்திலிருந்தே காரணம் சொல்லி வருகிறார்கள். என்னிடம் வரும் பௌத்திர நோயாளிகளில் குதிரை ஏறியவர் ஒருவரும் இல்லை.

ஆசனவாய் விளிம்பிலிருந்து சுமார் இரண்டு சென்டிமீட்டர் உள்ளே பல்வரிசை போன்ற ஒரு கோடு இருக்கிறது. அந்தக் கோட்டில் சின்னச் சின்னக் குழிகள். குழிகளின் அடியில் சளி சுரக்கும் சுரப்பிகள், பொதுவாக ஆறிலிருந்து பத்து வரை. அவற்றில் பல, உள்சுருக்குத் தசையைத் துளைத்துக்கொண்டு இரண்டு சுருக்குத் தசைகளுக்கும் இடைப்பட்ட இடம் வரை போகின்றன. ஒரு சுரப்பியின் வாய் அடைபட்டுக் கிருமி தங்கினால் சீழ் அந்த இடைவெளியில்தான் முதலில் சேரும். பிறகு வழி கிடைத்த பக்கம் நகரும்: கீழே தோலுக்கு, பக்கவாட்டில் கொழுப்புத் திசுவுக்கு, அபூர்வமாக மேலே. லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் ஆலன் பார்க்ஸ் 1961இல் இந்த விளக்கத்தை நிலைநிறுத்தினார். கட்டியும் பௌத்திரமும் இரண்டு நோயல்ல என்பது இதிலிருந்தே விளங்கும். கட்டி முதல் அத்தியாயம், பௌத்திரம் இரண்டாம் அத்தியாயம். வெளியே சீழ் வடிந்த பின்னும் உள்ளே சுரப்பியின் வாய் திறந்தே இருப்பதால், குடலிலிருந்து கிருமி இறங்கிக்கொண்டே இருக்கும், சுரங்கம் மூடாது.

நழுவிய பிப்ரவரி

ஜனவரி முழுக்கப் பத்துப் போட்டார்கள். பிப்ரவரியில் மன்னர் படுத்தார். சீழ் கோத்துவிட்டது என்பது எல்லோருக்கும் தெரிந்தது. கத்தி வைக்க மட்டும் யாருக்கும் துணிவில்லை. கடைசியில் காரக்கல் வைத்துத் தோலை அரித்து ஒரு துளை போட்டார்கள். சீழ் வந்தது, ஆனால் துளை சிறியது, குழி பெரியது.

இந்த இடத்தில் எனக்குத் தாக்கேன் மேல் கோபம் வருவதுண்டு, அது முழுக்க நியாயமல்ல என்றும் தெரியும். சரியாகக் கீறிச் சீழை எடுத்தவர்களிலும் மூன்றில் ஒருவருக்கு, சில கணக்குகளில் பாதிப் பேருக்கு, பின்னால் பௌத்திரம் வந்துவிடுகிறது. ஆகவே அன்றே கீறியிருந்தால் மன்னருக்குப் பௌத்திரமே வந்திருக்காது என்று அடித்துச் சொல்ல முடியாது. அதற்காகத் தள்ளிப்போட்டதை மன்னிக்கவும் முடியாது. சீழ் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் அது திசுவைத் தின்கிறது, கிளை விடுகிறது. சர்க்கரை நோயாளி என்றால் இரண்டே நாளில் விதைப்பைத் தோல் கறுத்து அழுகி உயிருக்கே ஆபத்தாகலாம்.

இன்று இதே நோயாளி வந்தால் செய்வது எளிது. மயக்கம் கொடுத்து, கட்டியின் மேல் ஆசனவாய் விளிம்புக்கு முடிந்தவரை அருகில் கீறுவேன். அருகில் ஏன் என்றால், பின்னால் பௌத்திரம் ஆனாலும் சுரங்கம் குட்டையாக இருக்கும். தோலில் ஒரு கோடு மட்டும் போட்டால் இரண்டு நாளில் ஒட்டிக்கொள்ளும், அதனால் விளிம்பில் சிறு துண்டு எடுத்துவிடுவது உண்டு. அதே மேசையில் உள்துளையைத் தேடிச் சலாகையை, அதாவது மெல்லிய உலோகக் கம்பியை, குத்திப் பார்க்கும் ஆசையை மட்டும் அடக்க வேண்டும். வீங்கிக் கொழகொழவென்று இருக்கும் திசுவில் சலாகை போன இடமெல்லாம் வழியாகிவிடும். நாமே ஒரு பொய்ச் சுரங்கம் போட்டவர்களாவோம்.

ஆன்டிபயாடிக் மாத்திரையை மட்டும் நம்பிச் சீழை உள்ளேயே வைத்திருப்பது, காரக்கல்லை விடக் கொஞ்சம் நாகரிகமான தள்ளிப்போடல். சுற்றிலும் தோல் சிவந்து பரவினால், சர்க்கரை இருந்தால், எதிர்ப்புச் சக்தி குறைந்தவராக இருந்தால் மருந்து வேண்டும். கீறலுக்குப் பதிலாக ஒருபோதும் இல்லை.

ஒரு கோடைக்காலம் வீண்

வசந்தத்துக்குள் சுரங்கம் உறுதியாகிவிட்டது. சலாகை ஒரு பக்கம் போய் மறுபக்கம் குடலில் வருகிறது. இப்போதும் கத்தியைத் தவிர எல்லாவற்றையும் முயன்றார்கள். பைரனீஸ் மலையிலுள்ள பரேழ் ஊற்றுநீர் புண்ணை ஆற்றும் என்று யாரோ சொல்ல, மன்னருக்கு இருந்த அதே நோயுள்ள நான்கு பேரை அங்கே அனுப்பி, சுரங்கத்துக்குள் அந்த நீரைப் பீய்ச்சிப் பார்த்தார்கள். போனபடியே திரும்பி வந்தார்கள். ஒரு துறவி ஒரு திரவம் கொண்டுவந்தார், இன்னொருவர் களிம்பு. அமைச்சர் லூவுவா தன் இடத்திலேயே நோயாளிகளைத் தங்க வைத்து ஒவ்வொன்றாகச் சோதித்தார். மன்னர் மேல் பூசுமுன் மற்றவர் மேல் பூசிப் பார்த்தது ஒருவகைச் சோதனைமுறைதான். அந்த மற்றவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

செப்டம்பர் 1ஆம் தேதி கண்ணாடி மண்டபத்தில் சயாம் நாட்டுத் தூதர்களை வெள்ளி அரியணையில் அமர்ந்து வரவேற்றார் லூயி. ஓவியங்களில் அந்தக் காட்சி பிரமாதமாக இருக்கும். நான் அதில் பார்ப்பது உட்கார்ந்திருக்கும் இடத்தை மட்டும்தான். புரை வழியே கசிவது நின்றிருந்தால் அடியில் சீழ் தேங்கி விண்விண் என்று தெறிக்கும். கசிந்துகொண்டிருந்தால் உள்ளாடை நனையும். இரண்டில் எது அன்று நடந்ததோ.

சுரங்கத்தின் வரைபடம்

கத்தி எடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. உள்வாசல் எங்கே? இரண்டு வாசலுக்கும் நடுவில் எவ்வளவு தசை மாட்டியிருக்கிறது?

முதல் கேள்விக்கு செயின்ட் மார்க்ஸின் டேவிட் குட்சால் 1900இல் ஒரு விதி சொன்னார். ஆசனவாயின் குறுக்கே ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். வெளித்துளை கோட்டுக்குப் பின்னால் இருந்தால் சுரங்கம் வளைந்து பின்பக்க நடுவில் திறக்கும். முன்னால் இருந்தால் நேராக உள்ளே போகும், மூன்று சென்டிமீட்டருக்கு மேல் தள்ளியிருந்தால் மட்டும் முன்துளையும் வளைந்து பின்னால் போகலாம். மன்னரின் துளை முன்பக்கம், இரண்டு விரற்கடை. விதி இழுபறியில் நிற்கும் தூரம் இது. முன்பக்கத் துளைகளில் குட்சாலை அவ்வளவாக நம்பவும் முடியாது. நான் மேசையில் வெளித்துளை வழியே ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிறு ஊசிக்குழாயில் ஏற்றிப் பார்ப்பேன். உள்ளே ஒரு குழியில் நுரை பொங்கினால் அதுவே வாசல்.

இரண்டாம் கேள்விதான் நோயாளியின் மீதி வாழ்க்கையை முடிவு செய்வது. உள்சுருக்குத் தசை நாம் நினைக்காமலே வாயை மூடி வைத்திருக்கிறது, வெளிச்சுருக்குத் தசை நாம் அடக்கும்போது வேலை செய்கிறது. பார்க்ஸும் சக மருத்துவர்களும் 1976இல் 400 நோயாளிகளை வைத்துப் பௌத்திரங்களை நான்காகப் பிரித்தார்கள்: இரு தசைகளின் இடைவெளியிலேயே இறங்குவது, வெளித்தசையைத் துளைத்துப் போவது, தசையின் மேலேறி வளைந்து இறங்குவது, தசைக்கு முழுக்க வெளியே ஓடுவது. முதல் வகையையும், இரண்டாம் வகையில் தாழ்வானதையும் தைரியமாகத் திறந்துவிடலாம். மேலே போகப்போகத் திறந்தால் சீழ் போகும், கட்டுப்பாடும் சேர்ந்து போகும். சுரங்கம் ஆறியபின் காற்றையும் மலத்தையும் அடக்க முடியாமல் திண்டாடுபவரிடம் ‘ஆப்பரேஷன் வெற்றி’ என்று சொல்ல எந்த வாய் வரும்?

இன்று இதற்கு எம்.ஆர்.ஐ. இருக்கிறது. தசை ஒரு நிறம், சீழ் ஒரு நிறம், கிளைகள் தனியே தெரியும். மன்னருக்கு அறுவை செய்த ஃபெலிக்ஸிடம் இருந்தது ஒரு விரல். சலாகையை உள்ளே விட்டு, குடலுக்குள் விரலை வைத்து, நோயாளியை இறுக்கச் சொன்னால், சலாகைக்கு மேலே எவ்வளவு தசை மிச்சம் இருக்கிறது என்று விரல் சொல்லிவிடும். எம்.ஆர்.ஐ. படத்தைக் கையில் வைத்துக்கொண்டும் நான் இதைச் செய்யாமல் கீறுவதில்லை.

நவம்பர் 18, காலை ஏழு மணி

ஷார்ல் ஃபிரான்சுவா ஃபெலிக்ஸ் மன்னரின் தலைமை அறுவை மருத்துவர். இந்தச் சிகிச்சையை அவர் அதற்கு முன் செய்ததில்லை. பாரிஸ் மருத்துவமனைகளின் ஏழை நோயாளிகளிடம் மாதக்கணக்கில் செய்து பழகினார். அவர்களில் ஒருவர் பெயரும் நமக்குக் கிடைக்கவில்லை. இந்தக் கேஸின் உண்மையான முன்னோடி நோயாளிகள் அவர்கள்தான்.

பழகும்போதே கருவியையும் மாற்றியமைத்தார். பழைய கிரேக்க வைத்தியர் காலன் காலத்து வளைகத்தியின் வம்சம் அது. அரிவாள் போல வளைந்த ஒடுக்கமான அலகு. அதன் நுனி கூர்மையாக முடியாமல் ஒரு மெல்லிய வெள்ளிச் சலாகையாக நீள்கிறது. வெட்டும் விளிம்பின் மேல் ஓர் உறை. சலாகை முனையை வெளித்துளையில் விட்டு மெல்லத் தள்ளினால் அது சுரங்கத்தின் வளைவோடு தானே போகும். குடலுக்குள் காத்திருக்கும் இடதுகை ஆள்காட்டி விரலில் முனை தட்டும். விரலால் அதை மடக்கி ஆசனவாய் வழியே வெளியே கொண்டுவர வேண்டும். இப்போது சுரங்கத்தின் கூரை முழுதும் கத்தி மேல் பாலம் மாதிரி நிற்கிறது. உறையை உருவிவிட்டு இரு முனைகளையும் பிடித்து ஓர் இழுப்பு. கூரை இரண்டாகிறது, சுரங்கம் வாய்க்காலாகிறது. நாங்கள் இன்று சலாகையை விட்டு அதன் மேல் மின்கத்தியால் திறப்பதும் இதேதான், இரண்டு படியாக.

கருவி பாரிஸ் மருத்துவ வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நாள் இரகசியமாகக் குறிக்கப்பட்டது. இளவரசருக்கே சொல்லவில்லை, அவர் வேட்டைக்குப் போயிருந்தார். திங்கட்கிழமை காலை அறையில் இருந்தவர்கள் மன்னரின் இரண்டாம் மனைவி மதாம் த மந்தெனோன், லூவுவா, பாவமன்னிப்புக் குரு லா ஷேஸ், வைத்தியர்கள் தாக்கேன், ஃபகோன், பாரிஸ் அறுவை மருத்துவர் பெசியேர், ஃபெலிக்ஸின் உதவியாளர் லா ரே, நான்கு மருந்தாளர்கள். கட்டில் விளிம்பில், வயிற்றுக்கடியில் திண்டு வைத்து, பின்புறம் ஜன்னலைப் பார்த்தபடி மன்னரைக் கிடத்தினார்கள். நவம்பரில் அந்த ஊரில் ஏழு மணிக்குத்தான் விடியும்; அந்த வெளிச்சத்தில் பல்வரிசைக் கோட்டைத் தேடியிருக்கிறார்கள் என்பதை நினைத்தால் என் மேசை விளக்கைத் தொட்டுக் கும்பிடத் தோன்றுகிறது.

மயக்க மருந்து இல்லை. புதிய கத்தியால் இரண்டு கீறல், கத்திரியால் எட்டு வெட்டு என்று பதிவு. இரண்டு கீறல் சுரங்கத்தைத் திறக்க. எட்டு வெட்டு எதற்கு? திறந்த வாய்க்காலின் இருபுறமும் தோல் விளிம்பு உள்நோக்கித் தொங்கும். அதை விட்டுவைத்தால் இரண்டு உதடும் ஒன்றையொன்று தேடி மேலே ஒட்டிக்கொள்ளும். அதைச் சரித்து வெட்டி, புண்ணை அகல வாயும் குறுகிய அடியுமாக ஆக்கத்தான் கத்திரி. ஃபெலிக்ஸுக்குக் காரணம் தெரிந்தே இருந்தது என்பதற்கு எனக்கு இந்த எட்டுதான் சாட்சி. மன்னர் கத்தவில்லை என்று எல்லோரும் எழுதி வைத்தார்கள். ஒரு மணி நேரம் கழித்து வழக்கப்படி கையில் இரத்தமும் எடுத்தார்கள், அது தேவையற்ற வேலை. அன்று மாலையே அமைச்சரவைக் கூட்டம் நடந்தது.

டிசம்பர்

கதை சொல்பவர்கள் நவம்பர் 18இல் நிறுத்திவிடுவார்கள். கேஸ் தேறியது டிசம்பரில்.

இந்தப் புண் அடியிலிருந்து மேலே நிரம்பி வர வேண்டும். தோலுக்கு அந்தப் பொறுமை கிடையாது, அது வேகமாக வளர்ந்து மேலே பாலம் கட்டிவிடும். பாலம் கட்டினால் அடியில் வெற்றிடம், வெற்றிடத்தில் சீழ், மறுபடி அதே புரை. மூன்றாவது வாரத்தில் மன்னரின் புண்ணில் அதுதான் ஆரம்பித்தது. ஃபெலிக்ஸ் ‘நன்றாக ஆறி வருகிறது’ என்று சொல்லிப் பரிசை வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். பார்க்க அப்படித்தான் இருந்திருக்கும். அவர் மறுபடி கத்திரியை எடுத்தார். மயக்கமில்லாமல், மன்னர் உடம்பில், மூன்று வாரம் முன்பு வெட்டிய அதே இடத்தில், டிசம்பரில் மீண்டும் மீண்டும் பாலங்களை வெட்டித் திறந்தார். நவம்பரை விட வலித்தது இப்போதுதான் என்று ஊகிக்கிறேன், ஆறும் புண்ணில் நரம்பு விழித்திருக்கும்.

என்னிடம் ‘ஆப்பரேஷன் பண்ணியும் திரும்ப வந்துடுச்சு’ என்று வேறு ஊர்களிலிருந்து வருபவர்களைக் கேட்டால், பாதி நேரம் கதை இங்கேதான் முறிகிறது. கீறியது சரி. வீட்டுக்கு அனுப்பும்போது ‘உப்பு வெந்நீரில் உட்காருங்க, பத்து நாள் கழிச்சு வாங்க’ என்று சொல்லி, பத்தாம் நாள் மேலாகப் பார்த்து அனுப்பியிருப்பார்கள். வாரம் ஒருமுறையாவது புண்ணுக்குள் விரல் விட்டு அடி வரை தடவி, ஒட்டியதைப் பிரிக்க வேண்டும். டிரெசிங்கை நர்ஸ் தலையில் கட்டிவிட்டுப் போகும் சர்ஜனுக்குப் பௌத்திர சிகிச்சை தெரியாது என்பது என் கட்சி.

சுரங்கம் உயரமாக இருந்திருந்தால்

மன்னருடையது தாழ்வான சுரங்கம் என்றே கணிக்கிறேன். ஒரே இழுப்பில் திறந்தும் பிறகு கட்டுப்பாடு போனதாக எங்கும் குறிப்பில்லை, அரசவையில் அதை மறைக்கவும் முடியாது. உயரமானதாக இருந்தால் ஃபெலிக்ஸின் கத்தி அவரைக் கெடுத்திருக்கும்.

அப்படிப்பட்டவர்களுக்கு நூல் இருக்கிறது. கிரேக்க ஹிப்போக்ரட்டீஸ் மரபிலேயே குதிரைமயிரும் நாரும் சேர்த்துத் திரித்துச் சுரங்கத்தில் கோத்தார்கள். தளர்வாகக் கட்டிய நூல் சீழை வடியவிட்டு நேரம் வாங்கித் தரும். சுசுருதர் சொன்ன க்ஷார சூத்திரமும் சித்த மருத்துவத்தின் கார நூலும் ஒரு படி மேலே போய், இலைக்கள்ளிப் பாலும் நாயுருவி உப்பும் மஞ்சளும் மாறிமாறிப் பூசி உலர்த்திய நூலால் தசையை மெல்ல மெல்ல அறுத்துக்கொண்டே பின்னால் ஆறவும் விடுகின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இதை அறுவை சிகிச்சையோடு ஒப்பிட்டு 1991இல் வெளியிட்டது: ஆறுவதற்கு நூலில் 8 வாரம், கத்தியில் 4 வாரம், ஓராண்டில் திரும்ப வந்தது நூலில் 4 விழுக்காடு, கத்தியில் 11. அலோபதி சர்ஜன் என்ற முறையில் இதை ஒப்புக்கொள்ள எனக்குத் தயக்கமில்லை. அதையும் வெட்டுநூல் என்றே நினைத்துக்கொள்ள வேண்டும், உயரமான சுரங்கத்தில் அதுவும் தசையைத்தான் அறுக்கிறது. தசையைத் தொடாமல், இரு தசைகளுக்கு நடுவே புகுந்து சுரங்கத்தை அங்கேயே கட்டி அறுக்கும் முறையைத் தாய்லாந்தின் ரோஜனசகுல் 2007இல் கொண்டுவந்தார். நான் இப்போது உயர்வகைக்கு முதலில் நினைப்பது அதைத்தான். எல்லோருக்கும் பலிப்பதில்லை, பலிக்காதபோது பெரும்பாலும் கெடுதல் செய்வதுமில்லை.

இன்னொன்று. பல துளை, ஓயாத வடிதல், மெலிவு, காய்ச்சல் என்றால் நம் ஊரில் காசநோயை நினைக்காமல் இருக்கக் கூடாது, சுரங்கச் சுவரில் ஒரு துணுக்கை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவது வழக்கமாகவே இருக்க வேண்டும். வயிற்றுப்போக்கும் சேர்ந்திருந்தால் க்ரோன் நோய் என்ற நாள்பட்ட குடல் அழற்சி. இவற்றில் கத்தி இரண்டாவது, மருந்துதான் முதல்.

தொடர் கவனிப்பு

1687 ஜனவரியில் புண் மூடியது. 30ஆம் தேதி மன்னர் பாரிஸ் நகர மண்டப விருந்துக்குப் போனார். பரிசு அந்தக் காலத்துப் பிரெஞ்சு நாணயங்களில்: ஃபெலிக்ஸுக்கு 50,000 எக்யூ, தாக்கேனுக்கு ஒரு லட்சம் லீவர், ஃபகோனுக்கு 80,000, மருந்தாளர்களுக்குத் தலா 12,000. கத்தியை எதிர்த்து இழுத்தடித்தவருக்கு ஒரு லட்சம்.

குணமானதற்கு நன்றி சொல்லி ஜனவரி 8இல் நடந்த தேவாலய இசையை நடத்திய அரசவை இசையமைப்பாளர் லுல்லி, தாளக்கோலால் தன் கால்விரலையே குத்திக்கொண்டார். அங்கே சீழ் பிடித்து, அழுகி, விரலை எடுக்க அவர் சம்மதிக்காமல், மார்ச் 22இல் இறந்தார். அரசவையிலோ தங்களுக்கும் பௌத்திரம் இருக்கிறது, மன்னருக்குச் செய்ததைச் செய்யுங்கள் என்று முப்பதுக்கும் மேற்பட்டோர் வந்ததாகவும், தேவையில்லை என்றபோது அவர்கள் முகம் வாடியதாகவும் அறுவை மருத்துவர் தியோனி எழுதுகிறார்.

மன்னர் அதன் பிறகு 28 ஆண்டுகளுக்கு மேல் இருந்தார். அந்த இடத்தில் மறுபடி சீழ் வைத்ததாகப் பதிவில்லை. 1715 செப்டம்பர் 1ஆம் தேதி, 77 முடிய நான்கு நாள் இருக்கும்போது இறந்தார். காரணம் இடது காலில் வந்த அழுகல். அதை ஃபகோன் முதலில் நரம்புவலி என்று சொல்லிக்கொண்டிருந்தார்.